குழந்தையிடம் யார் சொல்வது?

தமிழில் ‘சோதனை’ என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள். ஆய்வகத்தில் நடப்பதும் சோதனை. கடவுள் பக்தனுக்குக் கொடுப்பதும் சோதனை. ‘தேர்வு’ என்றால் மதிப்பெண்ணும் அவமானமும் நினைவுக்கு வருகின்றன. ‘பரிசோதனை’ என்றால் ஊசியும் ரத்தமும். எட்டு வயதுக் குழந்தையை நரம்பியல் உளவியல் மதிப்பீட்டுக்கு அழைத்துப்போகும் ஒரு தாய் இந்த மூன்று சொற்களையும் ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் சொல்கிறாள்: “சும்மா, ஒரு ஆன்ட்டிகூட விளையாடப் போறோம்.”

இந்த வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. பொய் சொல்வது தவறு என்ற நீதிபோதனை என் நோக்கமல்ல. இந்தப் பொய்யைச் சொல்லும் பொறுப்பு ஏன் எப்போதும் அம்மாவிடம் வந்து சேர்கிறது, குழந்தையின் மனத்தைப் பற்றிய அறிவு யார் யாருக்கிடையே புழங்குகிறது, யாருக்கு அது மறைக்கப்படுகிறது என்பவையே என் கேள்விகள்.

முதலில், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? வாசிக்கத் திணறும் குழந்தை, ஓரிடத்தில் உட்கார முடியாத குழந்தை, வலிப்புக்கோ தலைக்காயத்துக்கோ பிறகு மறதி கூடிய குழந்தை ஆகியோரை இந்த மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள். உளவியலாளர் முதலில் பெற்றோரிடம் நெடுநேரம் பேசுவார். பிறகு குழந்தையோடு தனியாக உட்காருவார். எண்களைத் திரும்பச் சொல்வது, கட்டைகளை அடுக்குவது, ஒரு படத்தைப் பார்த்து வரைந்து சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து மீண்டும் வரைவது, கதை கேட்டுச் சொல்வது, வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது என்று பல மணி நேரம் போகும். சில இடங்களில் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துச் செய்வார்கள். கவனம், நினைவு, மொழி, திட்டமிடல், வாசிப்பு என ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்பதை ஓர் அறிக்கையாக எழுதித் தருவார்கள். கற்றல் குறைபாட்டைச் சட்டம் அங்கீகரித்த குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சொல்வதை எழுதுபவர், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற உரிமைகளுக்கான பாதையும் இப்படிப்பட்ட ஒரு மதிப்பீட்டின் வழியாகத்தான் போகிறது. ஆகவே மதிப்பீடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது வேண்டும். ஆனால் யாருடைய அறிவாக அது முடிகிறது என்பதைக் கேட்க வேண்டும்.

நம் திரைப்படங்களை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம். ‘அஞ்சலி’ (1990) படத்தில் மனவளர்ச்சி குன்றிய, அதிக நாள் வாழ வாய்ப்பில்லாத ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தை இறந்துவிட்டது என்று பெற்றவளிடம் சொல்லப்படுகிறது. அப்பாவுக்கும் மருத்துவருக்கும் உண்மை தெரியும். அவள் தாங்கமாட்டாள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பார்வையாளர்கள் அந்த மறைப்பைக் கணவனின் பேரன்பாகவே எடுத்துக்கொண்டோம். ஒரு பெண்ணின் உடலிலிருந்து வந்த உயிரைப் பற்றிய உண்மையை அவளிடமிருந்தே எடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை என்று எத்தனை பேர் கேட்டோம்?

‘தாரே ஜமீன் பர்’ (2007) படத்தில் மகனோடு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்து, அவன் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக எழுதுவதைப் பார்த்துத் திகைப்பவள் அம்மா. அதே நோட்டுகளைப் பின்னால் ஓவிய ஆசிரியர் புரட்டிப் பார்க்கிறார். பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைச் சொல்கிறார். அம்மா கண்டது கவலையாகவே நின்றுவிட்டது; ஆசிரியர் கண்டது கண்டுபிடிப்பாக உயர்ந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘தெய்வத் திருமகள்’ (2011), ‘ஹரிதாஸ்’ (2013), ‘பேரன்பு’ (2019) ஆகிய மூன்றும் குழந்தையைப் பேணும் தகப்பன்களின் கதைகள். முதல் இரண்டில் அம்மா இறந்துவிடுகிறாள். மூன்றாவதில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஓர் ஆண் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கதையாக வேண்டுமென்றால் பெண்ணைக் கதையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அவள் இருந்தால் அது கதையே இல்லை, அன்றாடம்.

திரையிலிருந்து மதிப்பீட்டு அறையின் மேசைக்கு வருவோம். அங்கே பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கும். தகவல் தருபவர் யார் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘தாய்’ என்றே எழுதப்படுகிறது. கருவுற்றிருந்தபோது காய்ச்சல் வந்ததா, மன உளைச்சல் இருந்ததா, சொந்தத்தில் திருமணமா, சுகப்பிரசவமா அறுவையா, குழந்தை உடனே அழுததா, எத்தனை மாதம் தாய்ப்பால், எப்போது நடந்தது, எப்போது பேசியது, எவ்வளவு நேரம் போன் பார்க்கிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் இவற்றைக் கேட்பதில்லை. ஆனாலும் வரிசையாகப் படிக்கும்போது ஒவ்வொரு கேள்வியும் ஒரு பெண்ணின் உடல்மீதும் நடத்தைமீதும் வைக்கப்படும் குற்றப்பத்திரிகையின் தொனியைப் பெற்றுவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்கு அவள் ஏற்கெனவே மாமியாரிடம் பதில் சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தொனிக்கு ஒரு வரலாறு உண்டு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய மருத்துவப் பேச்சு பரவலானது. அடுத்த சில பத்தாண்டுகளில் அன்பில்லாத, குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்மார்களே இதற்குக் காரணம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்ற நூல் அதைப் பரப்பியது. அதே 1967இல் இன்னொரு நூலும் வந்தது: கிளாரா கிளைபோர்ன் பார்க் எழுதிய ‘முற்றுகை’. ஆட்டிசமுள்ள மகளின் முதல் எட்டு ஆண்டுகளைப் பற்றி ஆங்கில இலக்கியம் கற்பித்த ஒரு தாய் எழுதியது. ஒருவர் குழந்தையைக் கோட்டை என்றார், அதுவும் காலியான கோட்டை என்றார். மற்றவர் அந்தக் கோட்டை வாசலில் நாள்கணக்காக, ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்ததை எழுதினார். நிபுணர்கள் தன்னை நடத்திய விதத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். பெட்டல்ஹைமின் கருத்தை அறிவியல் பின்னர் கைவிட்டுவிட்டது. ஆனால் “அம்மா வேலைக்குப் போறதால”, “அம்மா செல்லம் கொடுத்ததால” என்ற பேச்சில் அது நம் தெருவில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவள், தன் குழந்தையை மட்டுமாவது அந்தக் கூண்டிலிருந்து விலக்கிவைக்க நினைக்கிறாள். “சும்மா விளையாடப் போறோம்” என்பதன் பிறப்பிடம் அதுதான். அந்தப் பொய்க்குள் அவள் பயம் இருக்கிறது. ஆனால் அதே பொய், ‘அஞ்சலி’ படத்தின் கணவன் சொன்ன பொய்யின் உறவுக்காரி என்பதை மறக்கக் கூடாது. தாங்கமாட்டாள் என்று அவளிடம் மறைத்தார்கள். தாங்கமாட்டான், தாங்கமாட்டாள் என்று அவள் குழந்தையிடம் மறைக்கிறாள்.

என் இளங்கலை வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கவிதையைக் காதால் கேட்டால் வரிவரியாகச் சொல்வாள்; தாளில் எழுதச் சொன்னால் உடைந்துபோவாள். வீடு மாறும்போது பீரோவில் கிடந்த ஒரு பழைய கோப்பு அவள் கைக்கு வந்தது. ஒன்பது வயதில் அவளுக்குச் செய்த மதிப்பீட்டின் அறிக்கை. கற்றல் குறைபாடு இருக்கிறது, கேட்டு நினைவில் வைக்கும் திறன் வயதுக்கு மேல் இருக்கிறது என்று இரண்டையும் எழுதியிருந்தார்கள். அவளுக்கு நினைவிலிருந்தது ஏதோ ஓர் ஆன்ட்டியோடு கட்டை அடுக்கி விளையாடியது மட்டும். “அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், ஸ்கூலுக்கும் தெரியும் மேடம். பத்து வருஷமா எனக்கு மட்டும் தெரியல. நான் முட்டாள்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். மறைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பொண்ணுக்கு இப்படி ஒரு காகிதம் இருப்பது வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் அமையாது என்று பயந்தவர்கள். காகிதத்தை ஒளித்தார்கள், அதோடு சேர்த்து அவளுடைய திறனையும் ஒளித்துவிட்டார்கள்.

அவளாவது மதிப்பீட்டு அறைவரை போனாள். பெரும்பாலான பெண் குழந்தைகள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பள்ளிகள் வாசிப்புக் குறைபாடு என அடையாளம் கண்டவர்களில் ஆண் குழந்தைகள் பல மடங்கு அதிகம். ஆய்வாளர்கள் எல்லாக் குழந்தைகளையும் தாங்களே சோதித்தபோதோ ஆண், பெண் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வகுப்பில் தொந்தரவு செய்யும் பையன் கண்ணில் படுகிறான். கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து, பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதிக்கொள்ளும் பெண் கண்ணில் படுவதில்லை. அவளை ‘நல்ல பொண்ணு’ என்கிறோம். அடக்கத்தைப் பெண் குணமாக்கிய ஒரு பண்பாட்டில் ஒரு சிறுமியின் திணறல்கூட அடக்கமாகத்தான் தெரிகிறது.

அளவுகோல்களும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஃப்ளாரன்ஸ் குடெனஃப் என்ற பெண் உளவியலாளர் 1926இல் உருவாக்கிய புகழ்பெற்ற வரைதல் சோதனையில் குழந்தையிடம் வரையச் சொன்னது ஓர் ஆணின் உருவத்தை. 1963இல் டேல் ஹாரிஸ் திருத்தியபோதுதான் பெண் உருவமும் சேர்ந்தது. 1916ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்ட்–பினே அளவுகோலில், இரண்டு முகங்களில் எது அழகானது என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டார்கள். ‘சரியான’ பதில் ஒன்று இருந்தது. அந்த அளவுகோலை 1937இல் திருத்தியபோது, ஆணுக்கோ பெண்ணுக்கோ அதிகம் சாதகமாக இருந்த கேள்விகளை விலக்கினார்கள். எந்த வேறுபாட்டைச் சமன் செய்வது, எதை அப்படியே விடுவது என்று அளப்பவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதை இது சொல்லிவிடுகிறது. வர்க்கத்துக்கும் மொழிக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மொழியின் இடத்தில் தமிழ் படித்தவளாக நான் சற்று நிற்க வேண்டும். இந்திய மொழிகளில் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய 2015இல் வெளியான ‘டாலி’ என்ற கருவித் தொகுதி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில்தான் வந்தது. தமிழில் பிழை என்பது ஆங்கிலப் பிழையின் நகல் அல்ல. ‘கெ’ என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. ஒரே ‘ப’ ‘பல்’லில் ஒரு விதமாகவும் ‘அன்பு’வில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதினால் அது மூளையின் சிக்கலா, ஊரின் உச்சரிப்பா? வீட்டில் ‘போனான்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தையிடம் ‘சென்றான்’ என்று கதை சொல்லி நினைவைச் சோதித்தால் அளப்பது நினைவையா, ஏட்டு மொழிப் பழக்கத்தையா?

எண்களைத் திரும்பச் சொல்லும் சோதனையும் அப்படித்தான். வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுவோரிடம் எல்லிஸும் ஹென்னலியும் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணுப்பெயர்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கும் வெல்ஷ் மொழியில் நினைவின் அளவு குறைந்தே தெரிந்தது. ‘ஒன்பது’ என்பதும் ‘நைன்’ என்பதும் நாக்குக்கு ஒரே சுமை அல்ல. ஆங்கில வழியில் படித்து ‘ஒன், டூ’ என்றே எண்ணிப் பழகிய குழந்தையிடம் தமிழில் கேட்பதும், தமிழில் எண்ணும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் கேட்பதும் அளவைப் பாதிக்கும். குழந்தை எந்த மொழியில் எண்ணுகிறது, எந்த மொழியில் சண்டை போடுகிறது, எந்த மொழியில் கனவைச் சொல்கிறது என்பது அதோடு தினமும் இருப்பவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அது அம்மா. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். அதை ஆதாரமாகச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரலில் அல்ல. தகவல் தருபவள் என்ற இடத்திலிருந்து தன் குழந்தையை வாசித்தவள் என்ற இடத்துக்கு நகர்வது அப்படித்தான் தொடங்கும்.

குழந்தையைத் தயார்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இப்போது வரலாம். மதிப்பீட்டில் வரும் கேள்விகளை முன்கூட்டித் தேடிப் பயிற்சி கொடுப்பது தயாரிப்பு அல்ல; அது அளவையே கெடுத்துவிடும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கவைப்பது, காலையில் சாப்பிடவைப்பது, கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் மறக்காமல் எடுத்துக்கொள்வது, வழக்கமான மருந்தை அன்று கொடுக்கலாமா என்று முன்பே கேட்டுவைப்பது, பள்ளி நோட்டுகளையும் பழைய அறிக்கைகளையும் கொண்டுபோவது, பிடித்த தின்பண்டம் ஒன்று பையில் வைப்பது இவையெல்லாம் தேவை. ஆனால் “பெற்றோர் கவனிக்க” என்ற தலைப்பில் வரும் இந்தப் பட்டியலை வீட்டில் யார் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் ஆசிரியரைப் பார்த்து அவர் கவனித்ததை எழுதி வாங்குவது, நோட்டுகளைத் திரட்டுவது, விடுப்பு எடுத்துக் காத்திருப்பது போன்றவற்றை அப்பா செய்யலாம். பெற்றோருடனான நேர்காணலில் அவர் கட்டாயம் உட்கார வேண்டும். கார் நிறுத்தப் போனவராக அல்ல, கேள்விக்குப் பதில் சொல்பவராக.

இதற்கெல்லாம் மேலாக, குழந்தைக்குச் சொல்ல ஒரு மொழி வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பு சொன்னால் போதும். பெரிய குழந்தைக்கு இன்னும் முன்பே சொல்லிக் கேள்வி கேட்க நேரம் கொடுக்கலாம். இப்படிச் சொல்லலாம்:

“வாசிக்கிறப்ப நீ எவ்வளவு கஷ்டப்படுறேன்னு எங்களுக்குத் தெரியும். நீ சோம்பேறி இல்லன்னும் தெரியும். அது ஏன்னு கண்டுபிடிக்க ஒருத்தங்களப் பாக்கப் போறோம். ஊசி கிடையாது. பேசுவாங்க, வரையச் சொல்லுவாங்க, கணக்கு கேப்பாங்க. சிலது விளையாட்டு மாதிரி இருக்கும், சிலது போர் அடிக்கும். போகப்போகக் கஷ்டமாகும். நீ தெரியலன்னு சொல்ற வரைக்கும் கேக்குறதுதான் அவங்க முறை. எல்லாத்துக்கும் யாராலயும் பதில் சொல்ல முடியாது. பாஸ், ஃபெயில் கிடையாது. தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், களைப்பா இருக்குன்னா சொல்லு. என்ன கண்டுபிடிச்சாங்கன்னு உனக்கும் சொல்லுவோம்.”

இதில் ஒரு வரியை அடிக்கோடிட விரும்புகிறேன்: கடினமாகிக்கொண்டே போகும் என்பது. இந்தச் சோதனைகளில் பல, குழந்தை தொடர்ந்து தவறும் இடம்வரை போய் நிற்கும்படி அமைக்கப்பட்டவை. அதை அறியாத குழந்தைக்கு ஒவ்வொரு பகுதியும் தோல்வியில் முடிந்ததாகவே தோன்றும். ‘விளையாட்டு’ என்று சொல்லி அனுப்பப்பட்ட குழந்தைக்கு, விளையாட்டில்கூடத் தோற்றுவிட்டோம் என்று தோன்றும். ஏற்கெனவே வகுப்பறையில் போதுமான அளவு தோற்றுவிட்ட குழந்தைக்கு இந்த ஒரு தகவல் சிறிய விஷயம் அல்ல.

கடைசி வரியும் முக்கியம்: உனக்கும் சொல்லுவோம். இதை நிறைவேற்றும் பாரத்தையும் அம்மாவின் தலையில் மட்டும் வைத்துவிடக் கூடாது. அறிக்கை கையில் வந்ததும் உளவியலாளரிடம் கேட்கலாம்: இதைக் குழந்தைக்குப் புரியும்படி நீங்களே ஒருமுறை சொல்ல முடியுமா? எது கடினம் என்பதோடு எது நன்றாக வருகிறது என்பதையும் சொல்ல முடியுமா? ஐக்யூ எண்ணை வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டியதில்லை. அதைக் குழந்தையின் பெயராக மாற்ற வேண்டியதும் இல்லை. ‘மந்தம்’ என்ற சொல்லை உறவினர் வாயிலிருந்து அகற்றவும், ‘உன் மூளை எழுத்தைப் படிக்க வேற வழியில போகுது’ என்ற வாக்கியத்தைக் குழந்தையின் வாயில் வைக்கவும் அந்த அறிக்கை பயன்பட வேண்டும்.

பெண்கள் தங்கள் உடலைப் பற்றிய அறிவை மருத்துவரிடமிருந்தும் கணவரிடமிருந்தும் மீட்டுக்கொள்ள நெடுங்காலம் போராடியிருக்கிறோம். ஸ்கேன் அறிக்கையை என்னிடம் கொடுங்கள், எனக்குச் சொல்லுங்கள், என் கையெழுத்தைக் கேளுங்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதே உரிமை எட்டு வயதுக்கும் உண்டு. அறிக்கையின் முதல் பக்கத்தில் குழந்தையின் பெயர்தான் இருக்கிறது. அதை வாசிக்கவோ வாசிக்கச் சொல்லிக் கேட்கவோ முதல் உரிமையும் அந்தப் பெயருக்கு உரியவருடையதுதான்.